விண்டோஸுக்கு மட்டும்

பெட்டியின் முன்பக்கம் படம், பின்பக்கம் எழுத்து. முன்பக்கத்தைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. திருப்பிப் பின்பக்கத்தைப் படித்ததும் மலர்ந்த முகம் தொங்கிப் போனது. ‘விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும்’ என்று போட்டிருந்தது. மூலையில் பொடி எழுத்தில் ஒளித்து வைத்திருந்தால்கூட மன்னித்துவிடலாம். கட்டம் கட்டி, கொட்டை எழுத்தில், சிவப்பு மையில் போட்டிருந்தான் அந்தப் புண்ணியவான்.

“சரியா இருக்கா மாப்ள?” என்று கேட்டார் மாமனார். வெயிலில் நடந்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“சரியாத்தான் இருக்கு மாமா.”

பொய்தான். ஆனால் கடைத்தெரு வரை நடந்துபோய் வாங்கிக்கொண்டு வந்து, மாடிப்படியும் ஏறி, மூச்சு வாங்க நிற்கிற மனிதரிடம் வேறு என்ன சொல்வது? அதுவும் அவன் வீட்டோட மாப்பிள்ளை. வீட்டோட மாப்பிள்ளைக்கு வாய் இருப்பது சாப்பிடவும் ‘சரி மாமா’ என்று சொல்லவும் மட்டும்தான் என்பது அவனாக முடிவு செய்துகொண்ட சட்டம். மாமனார் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. சொல்லாததாலேயே அவனுக்கு அது இன்னும் உறுதியாகத் தோன்றியது.

கட்டடங்களில் தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் எந்த வழியாகப் போக வேண்டும் என்று வரைந்து கொடுப்பது அவன் தொழில். வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடியதும், வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மனைவியின் அப்பா வீட்டு மாடி அறைக்குக் ‘கொஞ்ச நாளைக்கு’ என்று இருவரும் வந்து சேர்ந்தார்கள். அந்தக் கொஞ்ச நாள் ஜவ்வாக இழுத்து ஒரு வருஷத்தைத் தாண்டிவிட்டது. மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குப் போகிறாள். மாமியார் காலமாகி வெகுகாலம் ஆகிறது. ஆக, பகல் முழுக்க அந்த வீட்டில் மாடியில் ஓர் ஆண்பிள்ளை, கீழே ஓர் ஆண்பிள்ளை. இருவருக்கும் நடுவே ஒரு மாடிப்படி.

மாமனார் அதிகம் பேசமாட்டார். பேப்பரில் வருகிற வேலை விளம்பரங்களைக் கத்தரிக்கோலால் ஓரம் பிசகாமல் வெட்டி, அவன் டீ குடிக்கிற டம்ளருக்கு அடியில் வைப்பார். அதற்கு மாப்பிள்ளை எழுதிக்கொண்ட உரை: ‘எப்பய்யா இடத்தைக் காலி பண்ணப் போற?’ அன்றிலிருந்து அவன் மாடியில் நாற்காலியை நகர்த்தினால்கூடத் தூக்கித்தான் வைப்பான். கீழே சத்தம் கேட்டு அவருக்கு எரிச்சல் வரக்கூடாது பாருங்கள். ஆனாலும் அந்தப் பாழாய்ப்போன நாற்காலி கிறீச்சிடாமல் இருந்ததில்லை.

அப்படி டம்ளருக்கு அடியில் வந்த ஒரு விளம்பரம்தான் கடைசியில் பலித்தது. விளம்பரத்தில் ஊர் பேர் போடவில்லை; நேற்று சாயங்காலம் கூப்பிட்டபோதுதான் வேறு ஊர்க் கம்பெனி என்று தெரிந்தது. ரயிலில் ஏறினால் ஒரு ராத்திரி முழுக்கப் போக வேண்டிய தூரம். இன்றைக்கு மூன்று மணிக்கு நேர்காணல், கம்ப்யூட்டர் வழியாகவே. தப்பும் தவறுமான ஒரு குழாய் வரைபடத்தைத் திரையில் போடுவார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் அதைத் திருத்திக் காட்ட வேண்டும். உள்ளங்கை அகலப் போனில் அது நடக்கிற காரியமில்லை. இதுவும் கைநழுவினால் இன்னொரு கம்பெனி இந்த வயசில் தன்னைக் கூப்பிடாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

போதாக்குறைக்குப் போன வாரம் ஒரு மழை நாளில் இடி இறங்கி, கம்ப்யூட்டரில் இன்டர்நெட் ஒயர் செருகுகிற வாயைக் கருக்கிவிட்டுப் போனது. போனை ஒயரில் மாட்டி இன்டர்நெட் எடுக்கலாம் என்றால், அவன் போனின் துவாரம் சார்ஜ் ஏறுவதோடு தன் கடமை முடிந்தது என்று இருக்கிறது. மிஞ்சியது ஒரே வழி: காற்றிலேயே வைஃபையைப் பிடித்துத் தருகிற, பெருவிரல் நீளத்துக்கு ஒரு சின்னக் குச்சி. காலையில் அவன் வாங்கக் கிளம்பியபோது மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

“நீங்க இருந்து படிங்க. நான் போறேன். என்ன கேக்கணும்?”

“வைஃபை அடாப்டர்னு கேளுங்க மாமா. லினக்ஸ்ல ஓடறதா பாத்து வாங்கணும். அது முக்கியம்.”

“லினக்ஸ்,” என்று ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

இந்த லினக்ஸ் கதையையும் சொல்லிவிட வேண்டும். பழைய கம்ப்யூட்டர் புது விண்டோஸைத் தாங்காமல் திணறியபோது, கூட வேலை பார்த்த ஒருவர் விண்டோஸைத் துடைத்துவிட்டு, அதற்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். போட்டது அவர்; ஜம்பம் அடித்தது நம் ஆள். வைரஸ் வராது, காசு கேட்காது, யாருக்கும் கட்டுப்படாது என்று சாப்பாட்டு மேஜையில் ஒரு மாதம் பிரசங்கம் செய்தான். “அப்படியா,” என்று மட்டும் மாமனார் கேட்டுக்கொள்வார். அந்த வாயால் இப்போது எப்படி அவரிடம் போய், ‘நீங்கள் வாங்கியது என் கம்ப்யூட்டருக்கு ஆகாது’ என்பது?

அதைவிட அவனைக் குழப்பியது வேறொன்று. மாமனார் முப்பது வருஷம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். திருகாணி வந்தாலும் உறையில் என்ன போட்டிருக்கிறது என்று படிக்காமல் உள்ளே விடமாட்டார். சோப்பு வாங்கினால்கூட எங்கே செய்தது, என்றைக்குச் செய்தது என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படிப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் சிவப்புக் கொட்டை எழுத்தை எப்படிக் கோட்டை விட்டார்? வயசாகிவிட்டதோ என்று ஒரு கணம் அவனுக்குப் பாவமாகக்கூட இருந்தது.

மாமனார் கீழே இறங்கிப் போனதும் குச்சியைச் செருகினான். திரையில் ஒரு சி.டி. படம் முளைத்தது.

சி.டி.யா? கம்ப்யூட்டரில் சி.டி. போடுகிற இடமே கிடையாது. படத்தைத் தட்டித் திறந்தான். உள்ளே விண்டோஸில் நிறுவுவதற்கான ஃபைல் ஒன்று, கம்பெனி முத்திரை ஒன்று. அந்த ஃபைலைத் தட்டினால், ‘இதை எதைக்கொண்டு திறப்பது?’ என்று கம்ப்யூட்டர் அவனையே திருப்பிக் கேட்டது. கடைக்காரன் வைஃபை என்று சொல்லிப் பென் டிரைவை மாற்றிக் கொடுத்துவிட்டானோ? பிடுங்கிப் பார்த்தான். பெட்டிப் படத்தில் இருக்கிற அதே குச்சிதான். வேறு துவாரத்தில் செருகினான். மறுபடியும் சி.டி. பின்பக்கம் குனிந்து, ஒட்டடையைத் துடைத்து, அங்கே செருகினான். அங்கேயும் சி.டி.தான்.

போனை எடுத்துத் தேட ஆரம்பித்தான். உலகத்தில் இந்தத் தொல்லை அவனுக்கு மட்டும் வந்ததல்ல என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி. ஆனால் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர், ‘செருகினாலே ஓடும், எதுவும் செய்ய வேண்டாம்’ என்றார். அதற்குக் கீழேயே ஒருவர், ‘எது செய்தாலும் ஓடாது, தூக்கிப் போடு’ என்றார். மூன்றாமவர் ஒரு தந்திரம் சொன்னார்: குச்சியை இயக்க விண்டோஸுக்கென்று எழுதிய ‘டிரைவர்’ நிரலை லினக்ஸுக்குப் புரியும்படி போர்த்திக் கொடுக்கிற ஒரு மென்பொருள் இருக்கிறதாம். இதுதான் வழி என்று பிடித்துக்கொண்டான்.

அதைப் போனில் இறக்கி, போனிலிருந்த மெமரி கார்டைக் கழற்றி, கார்டு ரீடரில் வைத்துக் கம்ப்யூட்டரில் செருகினான். அது, ‘நான் வரவேண்டுமென்றால் இன்னாரும் வரவேண்டும்’ என்றது. இன்னாரை இறக்கினான். இன்னாருக்கு இன்னொருவர் வேண்டியிருந்தது. கார்டைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக மண்டை காய்ந்தது. ஒருவழியாக எல்லோரையும் கூட்டிவந்து உட்காரவைத்து, விண்டோஸ் டிரைவரையும் ஊட்டி முடித்ததும் திரையில் பதில் வந்தது: டிரைவர் இருக்கிறது, சாதனம் இல்லை.

சாதனம் இல்லையா? அவன் குச்சியைத் தொட்டுப் பார்த்தான். இளஞ்சூடாக இருந்தது. கையில் சுடுகிற பொருளை இல்லை என்று சொல்கிறதே என்று அவனுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. செருகியிருப்பவற்றின் பட்டியலைக் கேட்டால், குச்சிக்கு நேரே ‘டிஸ்க்’ என்று வந்தது. போட்டதை எல்லாம் அழித்துவிட்டு, குச்சியைப் பிடுங்கி மறுபடி செருகினான்.

மனைவி போன் செய்தாள். “ரெடி ஆயிட்டீங்களா?”

“ஆயிட்டே இருக்கேன்.”

“குரலே சரியில்லயே. என்னாச்சு?”

“அப்பா வாங்கிட்டு வந்தது லினக்ஸுக்கு ஆகாதது. பெட்டியிலயே போட்டிருக்கு.”

“அப்பா பாக்காம வாங்கிட்டாரா?” அவளுக்கும் நம்பிக்கை வரவில்லை. “நேத்தே அவர் ஒரு மாதிரிதான் இருந்தாரு. தட்டுல போட்டத அப்படியே வச்சுட்டு எழுந்துட்டாரு. நீங்க எதுவும் சொல்லிடாதீங்க அவர்கிட்ட.”

“நான் என்னைக்கு என்ன சொல்லியிருக்கேன்?”

“அதுவும் சரிதான்,” என்று சொல்லி வைத்துவிட்டாள். அது ஆறுதலா குத்தலா என்று அவன் கொஞ்ச நேரம் யோசித்தான்.

இரண்டு மணி தாண்டியது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இனி என்ன செய்கிறோம் என்று தெரியாமலே செய்துகொண்டிருந்தான். குச்சியை உருவுவான், ஊதுவான், செருகுவான். அணைத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பான். ஒவ்வொரு தடவையும் அந்தச் சி.டி. படம், வழி தவறி வந்த விருந்தாளியைப் போல வந்து திரையின் மூலையில் உட்கார்ந்துகொண்டது. அழுகை வருகிற வயசில்லை. தப்பாக வரைந்து வேலை கிடைக்காமல் போனால் தாங்கிக்கொள்ளலாம். வாசல் வரைகூடப் போக முடியாமல் கிடைக்காமல் போவதை என்னவென்று சொல்வது?

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மாமனார் கதவருகில் வந்து நின்றார். மேஜையில் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார், கலைந்து கிடந்த ஒயர்களைப் பார்த்தார், மாப்பிள்ளையின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தார்.

“ஓடலயா?”

“ஓடிடும் மாமா. கொஞ்சம்...” என்று இழுத்தான்.

“குடுங்க. நான் போய் மாத்திட்டு வந்துடறேன். ஓட்டமா போனா நேரம் இருக்கு.”

மாமனார் ஓட்டமாகப் போவதா? அவன் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவர் நாற்காலிப் பக்கம் வந்துவிட்டார். அவன் எழுந்து இடம் விட்டான். வழக்கமாக அவன் செய்தது போல அவர் குச்சியை வெடுக்கென்று உருவவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, மௌஸை இரண்டு கையாலும் பிடித்து, அந்தச் சி.டி. படத்தின் மேல் கொண்டுபோய் வைத்தார்.

அது அவருடைய பூஜை. கல்யாணம் ஆன புதிதில், மகளின் கல்யாணப் படங்கள் இருந்த பென் டிரைவை அவர் அப்படியே உருவி எடுக்கப் போய், பாதிப் படங்கள் பாழாகிவிட்டன. அன்றைக்கு இதே மாப்பிள்ளைதான் பெரிய மனிதனாகப் பாடம் எடுத்தான்: “உருவறதுக்கு முன்னாடி வெளியேத்துன்னு குடுக்கணும் மாமா. அது சரின்னு சொன்னப்புறம்தான் தொடணும்.” பாட்டு ஏற்றிக்கொள்ள மாடிக்கு வரும் போதெல்லாம் அவர் அந்தப் பாடத்தை அப்பழுக்கில்லாமல் கடைப்பிடித்தார். பாடம் எடுத்தவன்தான் ஒரு நாளும் கடைப்பிடித்ததில்லை.

மௌஸின் வலது பக்கத்தை அழுத்தினார். பட்டியல் விரிந்தது. ‘வெளியேற்று’ என்பதைத் தேடிப் பிடித்துத் தட்டினார். சி.டி. படம் மறைந்தது.

“எடுத்துக்கலாமா?” என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டினார்.

“மாமா, இருங்க.”

குச்சியின் நுனியில் நீல விளக்கு ஒன்று கண் சிமிட்டியது. அதுவரைக்கும் அதில் விளக்கு ஒன்று இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது. திரையின் ஓரத்தில், பக்கத்து வீட்டு வைஃபை, எதிர்வீட்டு வைஃபை, கடைசியாகக் கீழே கூடத்தில் இருக்கிற அவர்கள் வீட்டு வைஃபை என்று பெயர்கள் வரிசையாக வந்து நின்றன.

விஷயம் இதுதான் என்பது பிறகு நிதானமாகப் படித்தபோது அவனுக்குப் புரிந்தது. அந்தக் குச்சி முதலில் சி.டி. வேஷம் போட்டுக்கொண்டு வரும்; விண்டோஸுக்கு வேண்டிய டிரைவரைக் கொடுப்பதற்காக. கொடுத்து முடித்ததும் விண்டோஸே அந்த வேஷத்தைக் கலைத்துவிடும். லினக்ஸிடம் அதற்கு வேண்டியதெல்லாம் ஏற்கெனவே இருந்தது. ‘சி.டி. போதும், எடு’ என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அன்று காலையிலிருந்து அவன் உருவியதில் ஒரே ஒரு தடவையாவது முறையாக உருவியிருந்தால் அப்போதே வேலை முடிந்திருக்கும். அந்த நேரத்தில் இதெல்லாம் ஒன்றும் தெரியாமல் இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு விளக்கையே பார்த்தார்கள்.

“நான் ஒண்ணும் பண்ணலயே,” என்றார் மாமனார். திருடிப் பிடிபட்டவர் போல இருந்தது அவர் குரல். மாப்பிள்ளை அதைக் கவனித்தான். ஏன் என்று விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை. சட்டை மாற்ற ஓடினான்.

நேர்காணலில் அவனுக்கு ஒரு குழப்பமும் வரவில்லை. குழாய் என்று வந்துவிட்டால் அவன் வேறு ஆள். கழிவுக் குழாய்க்குச் சரிவே கொடுக்காமல் விட்டிருந்ததை முதல் பார்வையிலேயே பிடித்தான். சமையலறைக் குழாயைத் தூணுக்குள் புகுத்தியிருந்ததை வேறு வழியாகத் திருப்பிவிட்டான். திரையில் இருந்த பெண் அதிகாரி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துத் தலையாட்டினார். குடும்பத்தோடு இங்கே வந்து குடியேற வேண்டியிருக்குமே, சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்று சொல்லும்போது மாப்பிள்ளையின் குரல் கொஞ்சம் ஓங்கியே ஒலித்தது. கீழே கேட்கட்டும் என்றுதான் சொன்னான் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

கதவைத் திறந்தால் மாமனார் கீழே இல்லை, மேல்படியிலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு டம்ளர் டீ ஆடை படர்ந்து ஆறிப்போயிருந்தது.

“கிடைச்சிடுச்சா?”

“அடுத்த மாசம் வந்து சேரச் சொல்லிட்டாங்க மாமா.”

“நல்லது. ரொம்ப நல்லது.” டம்ளரை எடுத்து நீட்டினார். தளும்பிய டீ அவர் விரலில் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. “பெட்டியில என்ன போட்டிருந்துச்சுன்னு நீங்க என்கிட்ட கேக்கவே இல்லயே.”

“பரவாயில்ல மாமா. கவனிக்காம விடறது சகஜந்தானே.”

“நான் படிச்சேன் மாப்ள. கடையில வச்சே படிச்சேன்.”

டம்ளரை வாங்கிக்கொண்டே, “படிச்சீங்களா?” என்றான் மாப்பிள்ளை.

“கடைக்காரரு ரெண்டு எடுத்து முன்னால வச்சாரு. இது லினக்ஸுல ஓடும், இது ஓடாதுன்னு அவரே சொன்னாரு. நான் ஓடாதத எடுத்துட்டு வந்தேன்.”

அன்று முழுக்க அவனைக் குழப்பியதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. “விளம்பரத்த எல்லாம் வெட்டி வெட்டி வச்சதே நீங்கதானே மாமா?”

“வச்சேன். நீங்க முகத்தத் தொங்கப் போட்டுட்டு இருக்கறத பாக்க முடியல, அதனால வச்சேன். இந்த ஊர்லயே ஏதாவது அமையும்னு நெனச்சேன். அவ்ளோ தூரத்துலேருந்து கூப்பிட்டுட்டாங்கன்னதும் நேத்து சோறே எறங்கல.” அவர் சுவரைப் பார்த்துப் பேசினார். “பகல்ல கீழ உக்காந்திருப்பேன். மேல உங்க நாற்காலி கிறீச்சுனு ஒரு சத்தம் போடும். சரி, வீட்ல ஆள் இருக்குன்னு தோணும். அந்தச் சத்தம் இல்லாம இந்த வீட்டுல எப்படி இருக்கறதுன்னு எனக்குத் தெரியல. பண்ணினது தப்புதான். நீங்க உக்கார்றதும் எழுந்திரிக்கறதுமா நாற்காலி கிறீச்சிடறத கீழேருந்து கேட்டுட்டே இருந்தேனா, மனசு கேக்கல. அதான் மாத்திட்டு வரலாம்னு மேல வந்தேன்.”

கோபம் வந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை உள்ளே தேடிக்கூடப் பார்த்தான், அகப்படவில்லை. இந்த ஒரு வருஷமாகத் தூக்கித் தூக்கி வைத்த நாற்காலிதான் நினைவுக்கு வந்தது. தன்னை எப்போது அனுப்பலாம் என்று காத்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு, அவர் ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரே சத்தத்தையும் நிறுத்தப் பார்த்திருக்கிறான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவர் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்து, ஆறின டீயை ஒரே மூச்சில் குடித்தான்.

“எங்ககூட வந்துடுங்க மாமா.”

மாமனார் திரும்பிப் பார்த்தார். அவன் கேலி செய்யவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறையைப் படிக்கிற மாதிரியே அவன் முகத்தையும் படித்தார்.

“வீட்டோட மாமனாராவா?” என்றார்.

“கொஞ்ச நாளைக்கு,” என்றான் மாப்பிள்ளை.